செத்த காட்டுப்பன்றியைப் பார்த்தால் என்ன செய்வது: ஓடையோரத்தில் நான் கற்றது

அந்தப் பன்றி ஓடவில்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

2023 ஜனவரி. காலை எட்டு மணி இருக்கும், பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மரவள்ளித் தோட்டத்துக்குக் கீழே ஒரு ஓடை போகும். அதில் முன்னங்கால் இரண்டும் தண்ணீருக்குள் இருக்க, ஒரு பெரிய ஆண் காட்டுப்பன்றி நின்றுகொண்டிருந்தது. என் நாய் குரைத்துக்கொண்டே கீழே இறங்கியது. காட்டுப்பன்றி என்றால் ஆள் வாசம் பட்டதுமே உன்னிச்செடிக்குள் பாய்ந்து மறைந்துவிடும், இல்லையென்றால் திரும்பி நின்று நாயின் வயிற்றைக் கிழிக்கும். இது இரண்டையும் செய்யவில்லை. தலையைத் தூக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரையேறப் பார்த்தது, பின்னங்கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது, நாய் உட்காருவது மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அது அதே இடத்தில் செத்துக் கிடந்தது. மூக்கு ஈர மணலில் பதிந்திருந்தது, நாசித் துளையில் இரத்தம் கலந்த நுரை காய்ந்து ஒட்டியிருந்தது, காதின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம். உடம்பில் காயம் கிடையாது, கண்ணி இறுகிய தடம் கிடையாது, அவுட்டுக்காய் என்னும் தீனி வெடியைக் கடித்திருந்தால் வாய் சிதறியிருக்கும், அதுவும் இல்லை. நான் நீலகிரியில் முதுமலை எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்து வளர்ந்தவன், செத்த காட்டுப்பன்றி எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வெண்பன்றி வளர்க்கிறேன். அப்போது கொட்டகையில் பெரியதும் சிறியதுமாக 22 உருப்படிகள் இருந்தன. கொட்டகை வீட்டுக்குப் பின்னால், மரவள்ளித் தோட்டம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி. தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டு, அதே பூட்ஸோடு வந்து பன்றிக்குத் தீனி வைப்பேன். அந்த மூன்று கிலோமீட்டர் பெரிய பாதுகாப்பு என்று யாராவது நினைத்தால், என் பூட்ஸ் அதைத் தினமும் நடந்து கடந்துகொண்டிருந்தது.

ஓடையோரத்தில் அன்று நான்கைந்து பேர் கூடிவிட்டோம். ஒருவர் விஷம் என்றார். இன்னொருவர், "தொலையட்டும் தம்பி, போன மாசம் என் இஞ்சி முழுக்கப் பிடுங்கிப் போட்டுச்சு" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் மரவள்ளியைக் கிளறிப் போட்டதை நானும் பார்த்து உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மூன்றாவது ஆள் கத்தி எடுத்துவர வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "நேத்து வரைக்கும் உசிரோட இருந்ததுதானே, கறி நல்லாத்தான் இருக்கும்" என்பது அவர் கணக்கு. அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "அண்ணே, இதை வெட்டினா ரத்தம் ஓடைல போகும், கீழ இருக்கிற எல்லா ஊருக்கும் போகும். என் பன்றி எல்லாம் செத்துரும், கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சினேன். அவர் நின்றது என் பன்றிகளுக்காக மட்டும் என்று நினைக்கிறேன், அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இது பன்றிக்குப் பன்றி தொற்றும் நோயோ என்ற சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் வயநாடு. 2022 ஜூலையில் மானந்தவாடிப் பக்கம் பண்ணைப் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து, கூட்டம் கூட்டமாக அழிக்க வேண்டியதாயிற்று. எங்கள் பன்றியை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். அப்போதே ஒரு வியாபாரி போனில் சொன்னார், காது நீலமாகும், தண்ணீரைத் தேடிப் போகும், ஓரிரு நாளில் செத்துவிடும் என்று. அது காதில் கிடந்தது.

வனத்துறையில் வாட்சராக இருக்கும் ஊர்க்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ரேஞ்சருக்குச் சொல்ல, மதியத்துக்குள் வனக் காவலரும் கால்நடை மருத்துவரும் வந்துவிட்டார்கள். உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடை, இரண்டு அடுக்குக் கையுறை. மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். அந்த மாதம் முதுமலைக்குள் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தன. அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தான் என்று பரிசோதனையில் உறுதியானது, எங்கள் ஓடைப் பன்றிக்கும் அதே பதில்தான் வந்தது.

செய்தி பரவியதும் ஊரில் ஒரே பயம். பெயர்தான் காரணம். 2009இல் எச்1என்1 வந்தபோது நம் பத்திரிகைகள் அதற்குப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டன, அது மனிதருக்கு வரும் சளிக்காய்ச்சல். இது அது இல்லை. இந்த வைரஸ் பன்றிக் குடும்பத்தைத் தவிர வேறு எந்த உயிருக்கும் நோய் தராது. மனிதருக்கு வராது, நாய்க்கும் மாட்டுக்கும் வராது, செத்த பன்றியைத் தின்ற புலிக்கும் வராது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார், தாராளமாக அனுப்புங்கள் என்றேன்.

பெயர்க் குழப்பம் என்னையும் விடவில்லை, வேறு விதத்தில். பன்றிகளுக்கே உரிய இன்னொரு பழைய காய்ச்சல் உண்டு, அதையும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் சொல்வோம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, என் பன்றிகள் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தேன். "ஊசிதான் போட்டாச்சே டாக்டர்" என்று நிம்மதியாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது வேறு வைரஸ், இது வேறு, அந்த ஊசி இதற்கு ஒரு துளியும் உதவாது. இதற்கு நம் நாட்டில் போடும்படியான தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. வியட்நாமில் பண்ணைப் பன்றிகளுக்கு ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன், ஆனால் காட்டில் திரியும் பன்றிக்கு யார் ஊசி போடுவது?

டாக்டர் அன்று ஓடைக்கரையில் நின்றபடியே நிறையச் சொன்னார், சிலவற்றை நான் பின்னால் தேடிப் படித்துக்கொண்டேன். ஆப்பிரிக்காவில் இந்த வைரஸ் காலங்காலமாக அங்குள்ள வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி வகையிலும், அவற்றின் வளைக்குள் வாழும் ஒருவகை உண்ணியிலும் குடியிருக்கிறது. அந்தப் பன்றிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியிலிருந்து கென்யாவுக்குக் கொண்டுபோன வீட்டுப் பன்றிகள் செத்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது, 1921இல் அதைப் பற்றி முதலில் எழுதினார்கள். நம் காட்டுப்பன்றி ஆப்பிரிக்கப் பன்றி மாதிரி கிடையாது. அதுவும் என் கொட்டகையில் இருக்கும் வெண்பன்றியும் ஒரே இனம், ஒன்றோடொன்று சேர்ந்தால் குட்டி போடும். அதனால் ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும். நோய் பிடித்தால் பத்தில் ஒன்பது சாகும், சில சமயம் பத்தும்.

காட்டுப்பன்றியை அது எப்படித் தாக்குகிறது என்று தெரிந்தால் காட்டோரம் இருப்பவர்களுக்கு உதவும். வைரஸ் உள்ளே போய் நாலைந்து நாளிலிருந்து இரண்டு வாரம் போல வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் கடும் காய்ச்சல். உடம்பு எரிவதால்தான் தண்ணீரையும் சேற்றையும் நிழலையும் தேடிப் போகிறது, ஓடையோரம், குட்டை, மூங்கில் புதர் என்று பிணங்கள் கிடப்பது அதனால்தான். கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும், பட்டப்பகலில் வெளியே வரும், ஆளைக் கண்டு பயப்படாது. பின்னங்கால் தள்ளாடும். மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் வரலாம். சினைப் பன்றிக்குக் கரு கலைந்துவிடும். எல்லா அறிகுறியும் எல்லாப் பன்றியிலும் தெரியாது, சிலது ஒன்றுமே காட்டாமல் செத்துக் கிடக்கும். ஒரே வாரத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பன்றி காயமில்லாமல் செத்தால், விஷம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

உயிரோடிருக்கும் பன்றியைவிட எனக்கு இப்போது செத்த பன்றியைக் கண்டால்தான் பயம். நோய் வந்த பன்றி சில நாள்தான் நடமாடுகிறது, செத்த உடம்பு மாதக் கணக்கில் அந்த இடத்திலேயே கிடந்து நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் இந்த வைரஸ் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது, குளிர்ந்த இடத்தில் இன்னும் நீண்ட நாள், உறைய வைத்த இறைச்சியில் வருடக் கணக்கில். ஜெர்மனியில் செத்த காட்டுப்பன்றிகளைக் காட்டிலேயே விட்டு கேமரா வைத்துப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். மற்ற பன்றிகள் திரும்பத் திரும்ப வந்து முகர்ந்திருக்கின்றன, மூக்கால் முட்டிப் பார்த்திருக்கின்றன, உடம்பு மக்கிப் போன பிறகும் அந்த மண்ணைக் கிளறியிருக்கின்றன, எஞ்சிய விலா எலும்பைக் கடித்திருக்கின்றன. அதைப் படித்தபோது எங்கள் ஓடையோர மணல் கண்முன் வந்தது. பன்றி கிடந்த இடத்தைச் சுற்றி முதல் நாளே வேறு குளம்புத் தடங்கள் இருந்தன.

அதனால் அந்த உடம்பை அங்கேயே விடவில்லை. ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள், பன்றி கிடந்த மணலையும் வாரி உள்ளே போட்டார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் இருந்தது. மாயார் பள்ளத்தாக்குப் பக்கம் பாறு கழுகுகள் இருக்கின்றன, தமிழ்நாட்டில் அவற்றுக்கு மிச்சமிருக்கும் பெரிய புகலிடம் அதுதான். காட்டில் செத்த விலங்கை அப்படியே விட்டால்தான் அவற்றுக்குச் சாப்பாடு. வாட்சர் தம்பியும் அதையேதான் சொன்னான், "பாறுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும்ணே இது." ஆனாலும் புதைத்தது சரிதான், கழுகு வருமுன் பத்துப் பன்றி வந்துவிடும்.

சரி, வீட்டுக்கு வருவோம். முதல் நாள் பன்றியைப் பார்த்துவிட்டு நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்தவன், பூட்ஸில் ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்து நின்றேன். அங்கேயே கழற்றினேன். பிரஷ் போட்டுச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து மண்ணெல்லாம் போன பிறகு காஸ்டிக் சோடா கரைசலில் வைத்தேன், நூறு லிட்டருக்கு இரண்டு கிலோ, கையுறை போட்டுக்கொண்டுதான், சருமத்தைப் பொசுக்கிவிடும். மண் ஒட்டிய பூட்ஸை மருந்தில் முக்குவது வீண், சேறு வைரஸுக்குப் போர்வை மாதிரி, முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். நாயையும் குளிப்பாட்டிக் கட்டிப் போட்டேன், அதற்கு நோய் வராது, ஆனால் காலிலும் மூக்கிலும் சுமந்து வரும். அன்றிலிருந்து கொட்டகைக்கென்று தனி பூட்ஸ், தனி லுங்கி, அவை வாசலைத் தாண்டி வெளியே வருவதில்லை. தோட்ட வேலைக்குப் போன நாளில் கொட்டகை வேலையை மனைவி பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது தீனி. டவுனில் இரண்டு ஹோட்டலில் நீல டிரம்மில் மிச்சச் சோறு எடுத்துவருவேன், இந்தப் பக்கம் பன்றி வளர்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். அதில் பன்றிக்கறித் துண்டும் எலும்பும் கிடக்கும், எங்கிருந்து வந்த கறியோ யாருக்குத் தெரியும். இந்த நோய் உலகத்தில் நாடு விட்டு நாடு தாவியதில் பெரும்பாலானவை காட்டுப்பன்றி நடந்து போனதால் இல்லை, மனிதன் எடுத்துப்போன கறியாலும் கொட்டிய மிச்சத்தாலும் வண்டியாலும்தான். 2007இல் ஜார்ஜியா, 2018இல் சீனா, 2020இல் அசாமும் அருணாசலப் பிரதேசமும், அப்புறம் வயநாடு. தானாக நடந்தால் காட்டில் அது மாதத்துக்கு ஓரிரண்டு கிலோமீட்டர்தான் நகரும். மிச்சச் சோறு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். நான் ஒரு வாரம் செய்து பார்த்தேன், விறகுச் செலவு கட்டுப்படியாகவில்லை, உண்மையில் எல்லா நாளும் ஒரு மணி நேரம் நிற்கவும் முடிவதில்லை. விட்டுவிட்டேன். இப்போது தவிடும் மக்காச்சோளமும் மரவள்ளியும்தான், லாபம் குறைந்தது, பரவாயில்லை.

நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் என் தாய்ப் பன்றி ஒன்று மூன்று குட்டிகளை மேலே படுத்து நசுக்கிவிட்டது. நான் அவற்றைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வீசினேன், இதற்கு முன்பும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இரண்டாம் நாள் சாக்கு கிழிந்து கிடந்தது, சுற்றிலும் காட்டுப்பன்றித் தடம். அந்தக் குட்டிகளுக்கு நோய் இல்லை, என் கொட்டகையில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை. ஆனால் என் கொட்டகைக்கும் காட்டுக்கும் ஒரு வழி இருந்தது, அதை வெட்டி வைத்தவன் நான். என் கொட்டகையில் நோய் வந்திருந்தால் அது அந்தச் சாக்கு வழியாகக் காட்டுக்குப் போயிருக்கும். அதை நினைத்து இரண்டு மூன்று இரவு தூக்கமே வரவில்லை. இப்போது கொட்டகைக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட குழி வைத்திருக்கிறேன், எது செத்தாலும் சுண்ணாம்போடு உள்ளே போகும், ஒன்றுக்கு மேல் செத்தால் முதலில் டாக்டருக்குப் போன்.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் ஒற்றைக் கம்பிவலைதான் இருந்தது. பெட்டைப் பன்றி பருவத்துக்கு வந்தால் காட்டு ஆண் பன்றி வாசம் பிடித்து வந்துவிடும், வலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பதை நானே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். மூக்கு தொட்டால் போதும், நோய் தாவிவிடும். இரண்டாவதாக ஒரு வேலியைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டேன், வலையின் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைத்தேன், ஏனென்றால் காட்டுப்பன்றி தாண்டுவதைவிடத் தோண்டுவதுதான் அதிகம்.

ஏறத்தாழ மூன்று மாதம் ஒரு பன்றிகூட விற்க முடியவில்லை. வெளியே கொண்டுபோகவும் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது. வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒருவர், "ராத்திரியோட ராத்திரியா ஏத்திரலாம், பாதி விலை தர்றேன்" என்றார். கையில் காசில்லாத நேரம், மனசு தடுமாறத்தான் செய்தது. அந்த வண்டி எத்தனை கொட்டகைக்குப் போய்விட்டு வருகிறது, இனி எத்தனை கொட்டகைக்குப் போகும் என்று யோசித்து வேண்டாம் என்றேன். நோய் வந்த ஊரில் பன்றி வளர்ப்பவன் செய்யும் முதல் தப்பு அவசர விற்பனைதான். அரசு வந்து அழித்தால் இழப்பீடு உண்டு, மறைத்து வைத்துச் செத்தால் ஒன்றும் கிடையாது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரில் இளவட்டங்கள் சிலர், நோய் பரவாமல் இருக்க மிச்சக் காட்டுப்பன்றியையும் நாய் விட்டு விரட்டிக் கொன்றுவிடலாம் என்று கிளம்பினார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது நோய்க்கு நாமே கால் முளைக்க வைக்கிற வேலை. விரட்டினால் கூட்டம் சிதறும், நோய் பிடித்தது புதிய பக்கம் ஓடும். பெல்ஜியத்தில் 2018 செப்டம்பரில் காட்டுப்பன்றிகளுக்கு வந்தபோது, ஆரம்பத்தில் அந்தப் பகுதியில் வேட்டையையே நிறுத்தினார்கள், ஆட்கள் காட்டுக்குள் போவதையும் தடுத்தார்கள், பிணங்களைத் தேடித் தேடி எடுத்தார்கள், நீண்ட வேலி போட்டார்கள், 2020இல் நோய் இல்லாத நாடாக மீண்டும் வந்துவிட்டார்கள். அங்குள்ள மாதிரி வேலியை நாம் போட முடியாது, இது யானை நடக்கும் காடு. நம்மால் முடிந்தது பிணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, அதை விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போகிறவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் செய்ய முடியும். பார்த்தால் தொடாதீர்கள், கிளையை ஒடித்துப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், செல்போனில் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள், வனத்துறை ஆட்களிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கால்நடைத் துறையின் 1962 எண்ணுக்கு அடியுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டுப் பன்றிப் பக்கம் போகாதீர்கள்.

காட்டுப்பன்றி தொலைந்தால் விவசாயிக்கு நிம்மதி என்று சொன்ன அந்த இஞ்சிக்கார அண்ணனிடம் பிறகு ஒருநாள் பேசினேன். அந்தக் கோடையில் தோட்டம் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் பன்றி ஒரு முக்கியமான இரை, அது காட்டில் குறைந்தால் அவை எங்கள் மாட்டுப் பட்டிப் பக்கம் பார்க்கும் என்றேன். அவரிடம் நான்கு மாடு இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மழை பிடித்த நேரத்தில் மரவள்ளிக்கு மண் அணைக்கப் போனேன். ஓடையோரச் சேற்றில் ஒரு பெட்டைப் பன்றியின் தடம், அதன் பின்னாலேயே என் கட்டை விரல் நகம் அளவுக்குக் குட்டித் தடங்கள், நான்கோ ஐந்தோ குட்டி இருக்கும். இரண்டு மூடு மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டிருந்தன. அவை புதைகுழி இருந்த மேட்டைத் தோண்டியிருக்கின்றனவா என்று ஏறிப்போய்ப் பார்த்தேன். இல்லை, புல் மூடிக் கிடந்தது. ஓடையில் பூட்ஸைக் கழுவிவிட்டு, மற்ற ஜோடியைப் போட வீட்டுக்கு நடந்தேன்.